மழையும் மண்ணும் ஒரு டியூப் லெவலும்

(மூன்றாமாண்டு, சிவில்)



சர்வே பிராக்டிகலில் நாம் எல்லோரும் டம்பி லெவல் தூக்கியிருக்கிறோம். வெயிலில் ஸ்டாஃப் பிடித்து, ரீடிங் எடுத்து, கான்டூர் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு அந்தக் கோடுகளை மறந்தும் விடுகிறோம். "இதெல்லாம் எங்கடா உதவப் போவுது?" என்று கேட்காத ஆள் நம் வகுப்பில் உண்டா? அந்தக் கோடு ஒரு குடும்பத்துக்கு எப்படி உதவியது என்பதைத்தான் இந்த மலரில் எழுத விரும்பினேன். அந்தக் குடும்பம் எங்கள் குடும்பம்தான்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். சரிவான செம்மண் கொல்லை. மழையை நம்பித்தான் மரவள்ளி, கடலை, ராகி எல்லாம். தாத்தா விட்டுப்போன 4 ஏக்கரில் மேட்டுப் பக்கம் 2 ஏக்கர் பெரியப்பாவுக்கு, பள்ளத்துப் பக்கம் 2 ஏக்கர் அப்பாவுக்கு. பாகம் வாய்ப்பேச்சில் பிரிந்ததே தவிர, பட்டா கூட்டுப் பட்டாவாகவே நின்றுவிட்டது.

பெரிய மழை வந்தால் பெரியப்பா கொல்லைத் தண்ணீர் எங்கள் கொல்லையில்தான் இறங்கும். உரம் போட்ட மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். "மேல அவரு வரப்பு கட்டுனா இப்டி ஆவுமா?" என்பார் அப்பா. "வரப்பு கட்டி தண்ணிய நிறுத்துனா என் மரவள்ளி அழுவிப் போவாதா?" என்பார் பெரியப்பா. இரண்டிலுமே நியாயம் இருந்தது. ஆனால் அண்ணனும் தம்பியும் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. 2023-இல் அப்பா, கொல்லையை விற்றுவிட்டு பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போய்விடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். "மண்ணு போயி கல்லுதான் மிச்சம். கல்லுல என்னத்த வெதைக்கறது?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

அன்று ராத்திரி நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். அதிலிருந்து வெறும் 1 மி.மீ. மண் போனால் 4 கன மீட்டர். நம் சிவில் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்! எடையில் 5 டன்னுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத 1 மி.மீ.தான், ஆனால் ஒரு டிப்பர் லோடு. இது மிகையான கணக்கும் அல்ல. 1983-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல் மண் அரிக்கப்படுவதாகச் சொல்கிறது. ஏக்கருக்கு அது ஆறரை டன் வரும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எங்கள் பக்கத்து மண் ஓடை வழியாக ஆற்றில் கலந்து, தென்பெண்ணையில் சேர்ந்து, 1958-இல் கட்டிய சாத்தனூர் அணைக்குப் போகிறது. அங்கே வண்டல், இங்கே கல்!

2024 கோடை விடுமுறையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போனேன். டிராக்டர், புல்டோசர் வாடகைக்குக் கொடுக்கும் இடம் என்றுதான் பலருக்குத் தெரியும். மண் அரிப்பைத் தடுப்பதும், மழைநீரைச் சேமிப்பதும் அந்தத் துறையின் வேலைதான். சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், குறு விவசாயி சான்று எல்லாம் கொண்டுபோனோம். உதவிப் பொறியாளர் பொறுமையாகப் பார்த்தார். "தம்பி, பண்ணைக்குட்டைக்கு எழுதிக்கலாம். ஆனா கூட்டுப் பட்டா. உங்க பெரியப்பா சம்மதக் கையெழுத்து வேணும்" என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

அவரே இன்னொன்றும் சொன்னார். "குட்டை மட்டும் வெட்டுனா ரெண்டு மழையில தூந்துடும். மேல வரப்பு வேணும். மட்டமா கட்டித் தண்ணிய நிறுத்த வேணாம், லேசா சாய்வு குடுங்க. ஓடற தண்ணி நடந்து போவட்டும்." பேப்பரில் வரைந்தும் காட்டினார். சரிவு 3 சதவீதம் என்றால் 90 செ.மீ. இறக்கத்துக்கு ஒரு வரப்பு, அதாவது 30 மீட்டருக்கு ஒன்று. வரப்பின் நீளவாக்கில் 100 மீட்டருக்கு 20 செ.மீ. சாய்வு. மிச்சத் தண்ணீர் வரப்போரமாக நடந்து, புல் வளர்த்த ஓரக்கால் வழியாகக் குட்டைக்குப் போய்விடும். மரவள்ளி அழுகாது! பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் இதில் இருந்தது.

"லெவல் பாக்க டம்பி லெவல் வேணுமே சார்?" என்றேன். சிரித்தார். "கொத்தனாருங்க கிட்ட டியூப் லெவல் இருக்கும்ல? அது போதும்."

எங்கள் ஊரில் பழகிய கொத்தனார் யார் தெரியுமா? பெரியப்பாதான்!

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேப்பரைக் காட்டிச் சொன்னேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "தண்ணி நிக்காதுன்னு எப்டிடா சொல்ற?" என்றார். "5 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் பெரியப்பா. நீங்க பாத்ரூம் தரைக்குக் குடுக்கறதவிடக் கம்மி வாட்டந்தான். ஆனா தண்ணி நகரும்" என்றேன். 'வாட்டம்' என்ற வார்த்தை அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "டியூப மட்டும் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். "குடுத்தா கிழிச்சுருவீங்க. நானே வந்து புடிக்கறேன்" என்று எழுந்தார்.

மூன்று நாள் வேலை. ஒரு முனையில் பெரியப்பா, மறுமுனையில் நான். 5 மீட்டருக்கு ஒரு முளை. அப்பா சுண்ணாம்புத் தூள் போட்டுக்கொண்டே வந்தார். முதல் நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. "உங்கப்பனக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்று என் வழியாகத்தான் பேச்சு. மொத்தம் ஐந்து கோடுகள். அதில் மூன்றாவது கோடு எங்கள் கொல்லையில் ஆரம்பித்துப் பெரியப்பா கொல்லையில் போய் முடிந்தது. நிலத்தின் சரிவுக்குப் பட்டா எங்கே தெரியும்? அந்த இடத்தில் நின்று பெரியப்பா, "என்னாடா செய்யலாம் இத?" என்று நேராக அப்பாவிடம் கேட்டார். "உன் இஷ்டம்ணா" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரமே சம்மதக் கையெழுத்து விழுந்தது.

வரப்பு எங்கள் இரண்டு வீட்டுச் செலவு. பண்ணைக்குட்டை துறையின் திட்டத்தில் கிடைத்தது. மேலே 20 மீட்டருக்கு 15 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று. பிரிஸ்மாய்டல் ஃபார்முலா போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 3.75 லட்சம் லிட்டர் வரும். வரப்புகளில் வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் நட்டோம்.

அதன்பின் வந்தது ஃபெஞ்சல் புயல். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் அரூரில் 33 செ.மீ., ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை! எங்கள் 4 ஏக்கரில் மட்டும் 53 லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. எந்த வரப்புதான் தாங்கும்? ஐந்தில் இரண்டு உடைந்தன. மரவள்ளியில் ஒரு பகுதி போனது. ஆனால் மூன்று வரப்புகள் நின்றன. மண்ணில் ஒரு பெரும்பங்கு அவற்றின் மேல்புறத்திலேயே படிந்து கிடந்தது. குட்டையில் இறங்கியதைக் கோடையில் அள்ளித் திரும்பக் கொல்லையிலேயே கொட்டினோம். கிணற்றில் தண்ணீர் நின்றதை வரப்பின் சாதனை என்று சொல்லமாட்டேன், அந்த வருடம் ஊர்க் கிணறுகள் எல்லாமே நிறைந்தன. உடைந்த வரப்பை அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டினார்கள். விற்கும் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை.

அமெரிக்காவில் 1930-களில் புழுதிப் புயல் மண்ணை வாரியபோது, 1935-இல் மண் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே வந்தது. 1937-இல் வட கரோலினாவில் முதல் மண் பாதுகாப்பு வட்டாரம் அமைந்தது. உள்ளூர் நிலக்காரர்கள் கூடி முடிவெடுக்க, அரசு தொழில்நுட்பம் தரும் ஏற்பாடு அது. நம் ஊர்க் குடிமராமத்தும் ஊர் கூடிச் செய்த வேலைதானே? ஒருவர் மட்டும் வரப்பு கட்டினால் தண்ணீர் அடுத்தவர் கொல்லையில் பாயும், சண்டைதான் மிஞ்சும்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேருக்கு ஊரில் ஏதோ ஒரு துண்டு நிலம் இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். 10 மீட்டர் டியூப், கொஞ்சம் சுண்ணாம்பு போதும், சரிவு தெரிந்துவிடும். எஃப்.எம்.பி. ஸ்கெட்சையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டு வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே நேரில் கேட்பதே நல்லது. உழவன் செயலியிலும் பார்க்கலாம். அப்படியே மேட்டுக் கொல்லைக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவரிடம் டியூப் லெவல் இருந்தாலும் இருக்கும்!