ஆறு கம்பியா, பன்னிரண்டு கம்பியா?

முதல் கிடார் வாங்கப் போகிற பையன்கள் எல்லோருக்கும் ஒரு கண்டம் உண்டு. கடையில் ஓரமாகத் தொங்குகிற பன்னிரண்டு கம்பி கிடாரை ஒரு தரம் மீட்டிப் பார்த்துவிட்டால் போதும், பக்கத்தில் இருக்கிற ஆறு கம்பி கிடார் சோனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரே மீட்டலில் நாலு பேர் சேர்ந்து வாசிப்பது போல ஒரு ஜொலிப்பு! கம்பி டபுள் என்றால் மியூசிக்கும் டபுள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கணக்கு சரியா என்று கொஞ்சம் பார்க்கலாம்.

நம் பழைய யாழ்களில் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21 நரம்பு. அங்கே நரம்பு கூடினால் சுரமும் கூடும். பன்னிரண்டு கம்பி கிடாரில் அந்தக் கதை கிடையாது. கம்பிகள் இரண்டிரண்டாக ஒட்டி ஆறு ஜோடியாக இருக்கும். ஒரு விரல் ஒரு ஜோடியைச் சேர்த்தே அழுத்தும். ஆறு கம்பியில் பிடிக்கிற அதே கார்டுதான் இதிலும். புதுசாக எதுவும் பிடிக்க முடியாது.

அப்புறம் அந்த ஜொலிப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலிருந்து.

ஒன்று, கீழ்ஸ்தாயி பக்கம் உள்ள நான்கு ஜோடிகளில் ஒரு கம்பி தடிமன், இன்னொன்று மெல்லிசு. மெல்லிசுக் கம்பி ஒரு ஸ்தாயி மேலே பேசும். தடித்தது விநாடிக்கு 110 முறை அதிர்ந்தால் மெல்லிசு 220 முறை. மூன்றாவது ஜோடியில் இருக்கிற மெல்லிசுக் கம்பி, கிடாரின் முதல் கம்பியையும் தாண்டி மேலே போகும். கார்டு மேல் வெள்ளி தூவின மாதிரி கேட்பது இதனால்தான்.

இரண்டு, மற்ற இரண்டு ஜோடிகளில் இரு கம்பிகளுக்கும் ஒரே சுருதி. ஆனால் மனுஷன் சேர்க்கிற சுருதி துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஒரு கம்பி 247 முறையும் மற்றது 248 முறையும் அதிர்ந்தால், விநாடிக்கு ஒரு தடவை ஒலி ஏறி இறங்கும். அந்த மெல்லிய அலைதான் பலர் சேர்ந்து வாசிக்கிற உணர்வைத் தருகிறது. தம்பூராவின் நடுக்கம்பிகள் இரண்டும் சட்ஜத்தில் சேர்ந்து முழங்குவதைக் கேட்டவர்களுக்கு இது புதுசு இல்லை.

இரண்டையும் ஒரே பாட்டில் ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமா? பிங்க் ஃப்ளாய்ட் 1975ல் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டைப் போடுங்கள். தொடக்கத்தில் பன்னிரண்டு கம்பி, தூரத்து ரேடியோவிலிருந்து வருவது போல. கொஞ்ச நேரம் கழித்து அதன் மேல் ஒரு ஆறு கம்பி கிடார் வந்து உட்காரும், காதுக்குப் பக்கத்தில். முதலாவது அறையை நிரப்புகிறது. இரண்டாவது பேசுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் நமக்கு இந்தப் "பேசுவது" ரொம்ப முக்கியம்.

ஏனென்றால் நம் பாட்டு கமகத்தில் நிற்கிறது. கிடாரில் கமகம் வர வேண்டுமானால் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். தடிமனும் மெல்லிசுமாக இருக்கிற ஜோடியை ஒரே விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது. ஒன்று ரிஷபத்தைத் தொடும்போது மற்றது எங்கேயோ நிற்கும். சமமான ஜோடி என்றால் இழுக்கலாம், ஆனால் விரலுக்கு இரண்டு பங்கு வேலை.

இதற்கு நல்ல சாட்சி மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014). மேல்நாட்டு மாண்டலினில் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. அவர் கையிலிருந்த எலக்ட்ரிக் மாண்டலினில் ஜோடிகள் இல்லை, ஐந்து ஒற்றைக் கம்பிகள் மட்டும். கம்பியைக் குறைத்த வாத்தியத்தில்தான் முழு கர்நாடக சங்கீதமும் வந்தது!

"ஜோடி நாதஸ்வரத்தில் கமகம் வரவில்லையா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவீழிமிழலை சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் ஜோடி நாதஸ்வரத்துக்கே பேர் போனவர்கள். ஆனால் அங்கே இரண்டு மூச்சு, இரண்டு ஜோடிக் கைகள், வருஷக்கணக்கில் சேர்ந்து செய்த சாதகம். இங்கே இரண்டு கம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு விரல்.

இனி காசுக் கணக்கு. ராஜகுளம் மாதிரி கிராமத்தில் கல்லூரிப் பையனுக்கு முதல் கிடார் என்பது லீவு நாளில் கம்பெனி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. இரண்டாவது கிடார் வருமா என்பது தெரியாது. பன்னிரண்டு கம்பி என்றால் கம்பி செட்டுக்கு ஒவ்வொரு தடவையும் கூடுதல் செலவு. அடிக்கடி அறுவது அந்த மூன்றாவது ஜோடியின் மெல்லிசுக் கம்பி. அறுந்தால் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இழுவிசையும் அதிகம். ஆறு கம்பிகள் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு இழுக்கும் என்றால், பன்னிரண்டு கம்பிகள் 100 கிலோவைத் தாண்டும். மட்டமான மரமாக இருந்தால் கழுத்து வளைந்து, பாலம் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் பலரும் ஒரு முழுச் சுரம் இறக்கி சுருதி சேர்த்து, தேவைப்பட்டால் இரண்டாவது கட்டத்தில் கேப்போ போட்டுக்கொள்கிறார்கள்.

அதற்காகப் பன்னிரண்டு கம்பி தண்டம் என்று அர்த்தம் இல்லை. ஒருவர் பாட, பின்னால் கார்டு மட்டும் போடுகிறவருக்கு அது வரப்பிரசாதம். கீபோர்டு, வயலின் எதுவும் இல்லாமலே பின்னணி நிறைந்துவிடும். ஆனால் சினிமாப் பாட்டின் மெட்டை, அதன் நெளிவு சுளிவோடு கம்பியிலேயே பாட வைக்க ஆசைப்படுகிறவருக்கு ஆறு போதும்.

கடையில் கேட்க வேண்டியது "எதில் சத்தம் அதிகம்?" என்பதை அல்ல. பாடப் போவது வாயா, கம்பியா? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கிடார் என்பதும் தெரிந்துவிடும்.