யாரு சொல்லித் தர்றாங்க, மாப்ளே?

எங்கள் ராசிபுரத்தில் பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் குடும்பத்தை விசாரிப்போம். சீட்டுக் கட்டினால் நடத்துகிறவர் யார் என்று விசாரிப்போம். பழைய லாரி வாங்கினால் அதை இதுவரை ஓட்டின டிரைவர் வரைக்கும் விசாரிப்போம். பையனைப் படிக்க அனுப்பும்போது மட்டும் 'பஸ் வருதா, ஹாஸ்டல்ல சோறு எப்படி' என்பதோடு விசாரணை முடிந்துவிடும்!

போன மாசம் ஒரு ராத்திரி அக்கா மகன் வந்து நின்றான். நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.

"மாமா, வேலையை விடலாம்னு இருக்கேன். பத்திரிகைப் படிப்பு படிக்கப் போறேன். சென்னையில... ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

அக்காவிடம் பேசுவதை விட ஆளில்லாத ரோட்டில் பஞ்சராகி நிற்பது மேல். இருந்தாலும் கேட்டேன்.

"யாரு நடத்தறாங்க?"

"யாரு நடத்துனா என்னங்க மாமா? நல்ல காலேஜுங்க. இலங்கை, நேபாளம், வங்கதேசம்னு எங்கெங்கிருந்தோ வந்து படிக்கறாங்க."

"பசங்க எங்கிருந்து வர்றாங்கன்னு நான் கேக்கலை. மேல உக்காந்திருக்கறது யாரு?"

முறைத்துக்கொண்டே செல்போனைத் தடவிப் படித்தான். நடத்துவது மீடியா டெவலப்மெண்ட் ஃபவுண்டேஷன் என்கிற அறக்கட்டளை. லாப நோக்கம் கிடையாது. தலைவர் சசிகுமார். 1993-ல் 'ஏசியாநெட்' டி.வி.யைத் தொடங்கியவர். அப்புறம் 'ஹிந்து' என். ராம், என். முரளி. கூடவே ஒரு பொருளாதாரப் பேராசிரியர், குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பாளர்.

ராம் பெயர் வந்ததும் நிமிர்ந்தேன். போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரத்தில் சித்ரா சுப்ரமணியம் வெளிநாட்டில் தேடிச் சேகரித்த ஆவணங்களை 1988-ல் 'ஹிந்து' பக்கம் பக்கமாகப் போட்டபோது, அந்த வேலையில் இருந்தவர். ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்து அச்சேற்றின கை. பரவாயில்லை, ஒரு மார்க்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அந்தக் காலேஜ் 1994-ல் பெங்களூரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' குழுமம் தொடங்கியது. 2000-ல்தான் இந்த அறக்கட்டளையின் கைக்கு வந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையை 1932-ல் சென்னையில் ஆரம்பித்தது யார் தெரியுமோ? டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. சாட்சாத் எங்கள் ராசிபுரத்துக்காரர்! சித்த, ஆயுர்வேத வைத்தியர். சேலத்தில் 'தமிழ்நாடு' என்று பத்திரிகை நடத்தி, எழுதினதற்காக ஜெயிலுக்கும் போனவர். 'எக்ஸ்பிரஸை' மட்டும் அவரால் கட்டி மேய்க்க முடியவில்லை. பணமுடையில் சீக்கிரமே கை மாறிவிட்டது.

ஆர்.கே. நாராயண், ஆர்.கே. லக்ஷ்மண் இரண்டு பேருக்கும் முன்னால் நிற்கிற 'ஆர்' கூட ராசிபுரம்தான். ஒருவர் சென்னையிலும் மற்றவர் மைசூரிலும் பிறந்தவர்கள். அதனாலென்ன, இனிஷியல் எங்களுடையது! அண்ணன் கொஞ்ச காலம் 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு நிருபர் வேலை பார்த்தார். தம்பி கார்ட்டூன் போட்டார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இதைச் சொன்னால், "அப்படிங்களா... டீ எத்தனை?" என்பார்கள்.

"இவ்வளவு நோண்டறீங்களே, உங்களுக்கு எதுக்குங்க மாமா?" என்றான் பையன்.

அவனுக்குத் தெரியாது. நானும் நிருபராக இருந்தவன்.

1996. பகலில் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. சாயந்திரத்துக்கு மேல் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபர். பேர் வேண்டாம். சம்பளம் கிடையாது. அச்சாகும் வரிக்குத்தான் காசு. பயிற்சி? ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் ஒரு லெட்டர்பேடும் அடையாள அட்டையும் கொடுத்து, "பாத்து எழுதுங்க தம்பி" என்றார்கள். அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாமல் ஆறு சக்கர வண்டியை ஹைவேயில் ஏற்றிவிட்ட மாதிரி.

ஒரு ராத்திரி ஆண்டகளூர் கேட் பக்கம் லாரியும் லாரியும் நேருக்கு நேர். ஓடினேன். ஒரு டிரைவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. கேபினில் ரெக்ஸின் பை. அதில் லைசென்ஸ். பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் இருந்தது. சேலம் பதிப்பு முடிகிற நேரம். எஸ்.டி.டி. பூத்தில் நின்று மூச்சு வாங்கப் பேரைச் சொன்னேன். "இனிஷியல் சரியா?" என்று கேட்டார் அந்தப் பக்கத்தில் இருந்தவர். "லைசென்ஸையே பார்த்தேன் சார்!" என்றேன். என்ன ஒரு கர்வம்!

மறுநாள் முதல் பக்கத்தில் பன்னிரண்டு வரி. எண்ணிப் பார்த்தேன்.

அதற்கும் மறுநாள் காலை, ஆபீஸ் வாசலில் ஒருத்தர். சட்டைப் பையில் மடித்த பேப்பர்.

"ஏனுங்க, இதை எழுதுனவரு நீங்கதானுங்களா? நான் செத்துப் போயிட்டன்னு போட்டிருக்குதுங்க. எங்கம்மா ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லீங்க."

எனக்குக் கால் நடுங்கியது. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ கேபினில் இருந்த பை, வண்டி நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்கக் குரல் இறங்கியது. அப்படியே லோடு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் காதுகுத்து. சேலத்தில் இறங்கிக்கொண்டு, ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்றிவிட்டிருக்கிறார். பை வண்டியிலேயே தங்கிவிட்டது. "நான்தானுங்க அவனை, ஒரே ஒரு நடை போயிட்டு வாடான்னேன்..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருப்பவரைச் சாகடித்தது பாதித் தப்புதான். செத்தவர் மார்ச்சுவரியில் இன்னொருத்தர் பேரில் கிடக்கிறார். அவர் வீட்டுக்குச் சேதியே போகவில்லை.

போலீஸில் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பஸ் பிடித்தோம். திருச்செங்கோட்டுக்கு அப்பால் ஒரு கிராமம். வழியெல்லாம் அவர் பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். அந்த வீட்டு வாசலில் ஓர் அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி கேட்டார்: "வாங்கண்ணா, வண்டி வந்துருச்சுங்களா?"

மேற்கொண்டு எழுத வரவில்லை. மன்னிக்கவும்.

பத்திரிகையில் திருத்தம் போட்டார்கள். உள் பக்கத்தில் மூன்று வரி. மாசக் கடைசியில் கணக்கு வந்தது. அந்த மூன்று வரிக்கும் சேர்த்துக் காசு போட்டிருந்தார்கள்! லெட்டர்பேடையும் அட்டையையும் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு கிறுக்கு பிடித்தது. இந்தத் தொழிலை உலகத்தில் யார், யாருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கனடாவில் ராய் தாம்ஸன் என்று ஒருவர். அப்பா முடி திருத்துகிறவர். மகன் ஊர் ஊராக ரேடியோ விற்றார். கேட்க ஸ்டேஷன் இல்லாத ஊரில் ரேடியோவை எவன் வாங்குவான்? அதனால் ஸ்டேஷனே ஆரம்பித்துவிட்டார். (நம்ம நாமக்கல் மூளை!) அப்புறம் பத்திரிகைகளாக வாங்கிக் குவித்து, 1962-ல் வளரும் நாடுகளின் பத்திரிகைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அறக்கட்டளை வைத்தார். தாம்ஸன் ஃபவுண்டேஷன். பணக்காரர் செய்த நல்ல காரியம், சந்தோஷம்.

ஆனால், என் மனசில் உட்கார்ந்தவர் டார்ஸி வித்தாச்சி. சிங்களவர். 'சிலோன் அப்சர்வர்' ஆசிரியர். 1958-ல் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, பத்திரிகைகளுக்குக் கடுமையான தணிக்கை. அவர் நடந்ததையெல்லாம் புத்தகமாக எழுதி லண்டனில் அச்சிட்டார். அடுத்த வருஷம் மகசேசே விருது கிடைத்தது. ஊரில் மிரட்டல். நாட்டை விட்டுக் கிளம்பினார். இன்டர்நேஷனல் பிரஸ் இன்ஸ்டிட்யூட்டின் ஆசியப் பொறுப்பை ஏற்று, இந்தியா உள்பட நாடு நாடாகப் போய்ப் பத்திரிகைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தன் ஜனங்கள் செய்த தப்பைத் தானே எழுதின மனுஷன். அப்படி ஒருத்தர் அன்றைக்கு அந்த எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்று, "செத்தவர் முகத்தைப் பார்த்தியா, லைசென்ஸைப் பார்த்தியா?" என்று கேட்டிருந்தால்...

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த மூன்று வரித் திருத்தத்தையும் எடுத்துக் காட்டினேன். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. வாங்கி இரண்டு தடவை படித்தான்.

"மாமா, 'இன்னார் உயிருடன் உள்ளார்'னு போட்டிருக்குது. செத்தவரு பேரையே காணமே?"

இத்தனை வருஷத்தில் எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"பேரு என்னங்க மாமா?"

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.