கல்லுக்கு அடியில் போகும் உழைப்பு

மதுரை கோரிப்பாளையத்தில் தேவர் சிலையிலிருந்து தர்கா பக்கம் திரும்பி, சந்துக்குள் சந்தாகப் போனால் கார் நிறுத்த இடமில்லாத வீடுகள்தான் அதிகம். திண்ணையை இடித்து, கிணற்றடியையும் மூடிச் சேர்த்து, பன்னிரண்டடி அகலத்தில் இருபதடி நீளத்தில் கார் ஷெட் எடுக்கிறார்கள். பத்து வருஷம் முன்பு வரை அதில் சிமெண்ட் தளம்தான் போடுவார்கள். இப்போது கேட்டைத் திறந்தால் பெரும்பாலும் பேவர் பிளாக்தான் தெரிகிறது. பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வளாகம், நடைபாதை என்று ஊர் முழுக்க அதே கல். ஓரிடத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் பல்லாங்குழியாகிவிடுகிறது, இன்னோரிடத்தில் லாரி ஏறியும் அசையாமல் கிடக்கிறது. ஒரே கல் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் வேலை தொடங்குகிறது என்றதும் போய் நின்றேன்.

அந்தச் சந்துக்குள் லாரி வராது. குட்டியானைகூட முக்கில்தான் நின்றது. அங்கிருந்து தள்ளுவண்டியில் வந்த கல்லை இறக்கி, சுவரோரம் அடுக்கியவர் ஒரு சித்தாள் அக்கா. ஒரு கல் மூன்றரைக் கிலோ இருக்கும். இருநூற்று நாற்பது சதுர அடிக்கு எண்ணூறுக்கு மேல் வேண்டும். கூட்டினால் மூன்று டன் அளவுக்கு வருகிறது. அது முழுவதும் அவர் கையில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, பதிக்கும்போது கொத்தனாருக்கு எடுத்துக் கொடுக்க மறுபடியும் ஏறுகிறது. விரல்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். “கையுறை ரெண்டு நாளைக்கு வராது தம்பி, டியூபுதான் தாங்கும்” என்றார்.

மேஸ்திரி ஐம்பதைத் தாண்டியவர். வந்த கல்லில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்று கேட்டதை ஒரு பக்கமும், மந்தமாகக் கேட்டதை இன்னொரு பக்கமும் வைத்தார். பக்கெட் தண்ணீரில் ஒரு கல்லை முக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் கையால் செய்வதை அளவாக எழுதிய தரக்குறிப்பு ஒன்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2006-இல் முதலில் வெளியிட்ட ஐ.எஸ். 15658. அதன்படி வண்டி ஏறாத இடத்துக்கு 50 மி.மீ. கனம் போதும். கார் ஏறும் இடத்துக்கு 60 மி.மீ. வேண்டும், கான்கிரீட் எம்-35 தரத்தில் இருக்க வேண்டும். கல் உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக அதன் எடையில் நூற்றுக்கு ஆறைத் தாண்டக் கூடாது. மூன்றரைக் கிலோ கல் இருநூற்றுப் பத்து கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் தேறாது என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் அச்சில் வார்த்த கல் பளபளவென்று வரும். வாங்குகிறவர்கள் அந்தப் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கல்லை எத்தனை நாள் தண்ணீர் காட்டி ஆற வைத்தார்கள் என்பதைக் கேட்பதில்லை. வலிமை பளபளப்பில் வருவதில்லை, ஆற வைத்த நாட்களில்தான் வருகிறது.

கல்லைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு நாள் முழுக்க ஒரு கல்கூடப் பதியவில்லை. பழைய சிமெண்ட் தளத்தை உடைத்து எடுத்ததும் அடியில் தெரிந்தது மண் அல்ல, வீடு கட்டியபோது கொட்டி மூடிய இடிபாடு. உடைந்த செங்கல், சாக்குப் பை, மக்கிப்போன மரச்சில்லு. மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிப் பார்த்தார். தானாக இறங்கியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இது மேலயே டஸ்ட்டக் கொட்டிக் கல்லப் பரப்புனா நாளான்னைக்கே கார விட்றலாம்ண்ணே, பாக்கவும் நல்லாருக்கும். ஐப்பசி மழை ஒண்ணு விழுகட்டும், அங்கிட்டு ரெண்டு இங்கிட்டு ரெண்டுன்னு எறங்கிரும். அப்புறம் என்னையத்தான் வைவீங்க.”

வீட்டுக்காரர் யோசித்தார். குப்பையை அள்ளி வெளியே போட வண்டி வாடகை, கிராவல் வாங்கும் செலவு, இன்னும் இரண்டு ஆள் கூலி. இவை எதுவும் பேசிய தொகையில் இல்லை. பேச்சு கொஞ்ச நேரம் நீண்டது. கடைசியில் சம்மதித்தார். எல்லா வீட்டிலும் சம்மதிப்பதில்லை என்று மேஸ்திரி பிறகு என்னிடம் சொன்னார்.

முக்கால் அடிக்கு மேல் தோண்டினார்கள். கல்லுக்கு 60 மி.மீ., அதன் கீழ் டஸ்ட் என்னும் கல்தூள் மெத்தைக்கு நாற்பதுக்குள், அதற்கும் கீழ் இறுக்கிய ஜல்லிப் படுகைக்கு 150. அடிமண்ணில் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டார்கள். திமிசு என்பது அடியில் இரும்புத் தகடு வைத்த கட்டை. தூக்கிப் போட்டால் அந்தச் சதுரம் மட்டும் இறுகும். அரை அடி நகர்ந்து மறுபடியும் தூக்க வேண்டும். இருநூற்று நாற்பது சதுர அடிக்கும் அப்படியே. பிறகு கிராவலும் சிப்ஸும் கலந்து ஒரு அடுக்கு, தண்ணீர், இடி. அதன் மேல் இன்னொரு அடுக்கு, தண்ணீர், இடி. ஒரே அடுக்காகக் கொட்டி இடித்தால் மேல்புறம் இறுகும், கீழ்ப்புறம் பொதபொதவென்றே இருக்கும். இரண்டு இளைஞர்கள் மாற்றி மாற்றித் திமிசு பிடித்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒருவன் சட்டையைக் கழற்றிப் பிழிந்து மறுபடியும் மாட்டிக்கொண்டான். இவ்வளவு வேலையும் முடிந்த பிறகு பார்த்தால் வெறும் சமதரைதான் தெரிந்தது. கார் ஷெட்டின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

இந்தக் கல்லின் பிறப்பும் அடிமண் சங்கடத்தில்தான். ஹாலந்து நாட்டின் மண் இளகியது, நீர் ஊறியது. அதனால் அங்கே வெகுகாலமாகத் தெருக்களுக்குச் சுட்ட செங்கல்லைத்தான் காரையில்லாமல் அடுக்கினார்கள். மண் இறங்கினால் பெயர்த்து மட்டம் பார்த்து மீண்டும் அடுக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ராட்டர்டாம் நகரத்தின் மையம் குண்டுவீச்சில் அழிந்தது. மீண்டும் கட்டும்போது செங்கல் எல்லாம் வீடுகளுக்கே போதவில்லை. அதே அளவில் கான்கிரீட்டில் வார்த்துத் தெருவில் பதித்தார்கள். பக்கவாட்டில் வளைவும் பல்லும் வைத்து ஒன்றையொன்று கவ்வும் வடிவங்களை 1960-களில் ஜெர்மானியர்கள் பரப்பினார்கள். பெயர்த்து மறுபடியும் பதிக்கலாம் என்ற அந்தக் குணம் கோரிப்பாளையத்துக்கும் ஒத்துவருகிறது. நான் பார்த்த கார் ஷெட்டுக்கு அடியிலேயே தண்ணீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைக் குழாய், குடிநீர்க் குழாய் மூன்றும் இருக்கின்றன. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்துக்காக மதுரையின் தெருக்களைத் தோண்டியபோது, சிமெண்ட் தளம் போட்ட வாசல்களை உடைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

அடுத்து ஓரம் கட்டும் வேலை. மூன்று பக்கம் சுவர் இருக்கிறது. கேட் பக்கம் திறந்து கிடக்கிறது. அங்கே ஆழமாக ஒரு கான்கிரீட் வரம்பு போட்டு ஆற விட்டார்கள். கார் பிரேக் பிடிக்கும்போது கற்கள் முன்னே தள்ளப்படும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முறுக்கப்படும். ஓரம் பிடித்துக்கொள்ளாவிட்டால் கேட்டோரக் கல் முதலில் விலகும், அதன் பின்னே வரிசையாக எல்லாம் தளரும். தளர்ந்துபோன தளங்களைப் பார்க்கப் போனால் முதலில் கேட் பக்கம் பாருங்கள் என்றார் மேஸ்திரி. அதன் பிறகு நான் பார்த்த இடங்களில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மெத்தை போடுவது பார்க்கப் பார்க்கச் சலிக்காத வேலை. இரண்டு இரும்புக் குழாய்களை இணையாகப் படுக்க வைத்து, நடுவில் டஸ்ட்டைப் பரப்பி, அலுமினிய மட்டக்கட்டையைக் குழாய்களின் மேல் வைத்து இழுத்தார் மேஸ்திரி. கட்டை போன வழியில் சாம்பல் நிறத்தில் ஒரு சுருக்கமும் இல்லாத பரப்பு விரிந்தது. குழாய்களை உருவி, அந்தத் தடத்தைக் கரணையால் நிரப்பினார். பரப்பில் யாரும் கால் வைக்கக் கூடாது. பதித்த கல்லின் மேல் குத்த வைத்து, பதிக்காத பக்கம் பார்த்து முன்னேற வேண்டும். பத்தடிக்கு இரண்டங்குலம் வாட்டம். மூலைவிட்டமாக ஒரு நூல், நீளத்துக்கு ஒரு நூல். கல்லை மேலிருந்து போடுவதில்லை. முந்தைய கல்லின் விளிம்போடு உரசவிட்டு நேராகக் கீழே இறக்குகிறார், ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. கற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து தானாக அமைகிறது. அந்த அளவை அவர் எதை வைத்தும் அளக்கவில்லை.

ஓரத்துக்கு அரைக்கல், கால்கல் வெட்ட வேண்டியிருந்தது. கட்டிங் மிஷினை ஓட்டிய பையன் துண்டை மூக்கில் கட்டியிருந்தான். கான்கிரீட்டை உலர வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் இறுகிப் போகும், குணப்படுத்த முடியாத நோய் அது. துண்டு அதைத் தடுக்காது. கல்லை நனைத்துவிட்டு வெட்டினால் தூள் பெருமளவு அடங்கும். கேட்டதற்கு, நனைத்தால் பென்சில் கோடு அழிந்துவிடுகிறது, நேரமாகிறது என்றான். நேரமாகிறது என்ற சொல்லை அந்த வீட்டில் எல்லார் வாயிலும் கேட்டேன்.

பிளேட் காம்பாக்டர் வாடகைக்கு வந்தது. கூட்டிப் பெருக்கிய தளத்தின் மேல் அது அதிர்ந்து போகும்போது கற்கள் சில மில்லிமீட்டர் அமுங்கி, டஸ்ட் சந்துக்குள் கீழிருந்து ஏறுகிறது. பிறகு சலித்த உலர்மணலைத் தூவித் துடைப்பத்தால் தள்ளி, மறுபடியும் ஓட்ட வேண்டும். சந்து நிறையும் வரை. ஒரு கல்லின் மேல் விழும் பாரத்தைப் பக்கத்துக் கற்களுக்கு எடுத்துக் கொடுப்பது அந்த மணல்தான். அது இல்லாவிட்டால் கல் தனித்தனியாகக் கிடக்கும். இந்த இடத்தில் வீட்டுக்காரர், சந்தில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டால் புல் முளைக்காதே என்றார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. சிமெண்ட் ஊற்றினால் தளம் விறைத்துவிடும், முதல் அசைவில் கீறல் விடும், பெயர்க்கப் போனால் கல் உடையும் என்றார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் முடிவு.

இன்னொன்றிலும் அவர் பிடிவாதமாக நின்றார். மழைநீர் சேகரிப்புக் குழியின் வாய் அந்த ஷெட்டின் மூலையில் இருந்தது. அதையும் சேர்த்து மூடச் சொன்னபோது மறுத்து, சுற்றிலும் கல் நிறுத்திக் கூழாங்கல் நிரப்பினார். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. எத்தனையோ வீடுகளில் அந்தக் குழி தளத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. நூறு மி.மீ. மழை பெய்தால் இவ்வளவு சின்ன இடத்திலேயே இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் விழும். 2024 அக்டோபர் மழையில் பக்கத்துச் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒவ்வொரு வாசலும் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளினால் அது வேறெங்கே போகும்?

இனி கூலி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலைக்குச் சதுர அடிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். மேலே தெரியும் கல்லை அளந்து பணம். தோண்டியது, திமிசு போட்டது, இரண்டு அடுக்காக இடித்தது, ஓரம் கட்டியது எதற்கும் அந்த அளவில் இடமில்லை. விலையில் போட்டி வந்தால் முதலில் காணாமல் போவது காம்பாக்டர் வாடகை, அடுத்தது ஜல்லிப் படுகை. நடைபாதைக் கல் ஒரு வருஷத்தில் ஆடுவதற்கு வேலைக்காரரின் அறியாமை காரணமில்லை. அவருக்குத் தெரிந்ததைச் செய்ய யாரும் கூலி கொடுப்பதில்லை. கல் தூக்கிய அக்காவுக்கோ அந்தச் சதுர அடிக் கணக்கிலும் பங்கில்லை, நாள் சம்பளம்தான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்து இருக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து அறுபது வரை பதியலாம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் வயதான பின் ஓய்வூதியமும் உண்டு. மேஸ்திரி பதிந்திருக்கிறார். அக்கா பதியவில்லை. பதிய ஒரு நாள் அலைந்தால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

வீட்டில் இந்த வேலை வைப்பவர்களிடம் கேட்பது இதுதான். சதுர அடி எவ்வளவு என்று கேட்கும் முன் எத்தனை அங்குலம் தோண்டுவீர்கள், எத்தனை அடுக்கு இடிப்பீர்கள், ஓரத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். அந்த வேலைக்குத் தனியாகக் கூலி எழுதிக் கொடுங்கள். வெட்டும் பையனுக்கு ஒரு வாளித் தண்ணீரும் நல்ல முகக்கவசமும் வாங்கி வையுங்கள். சித்தாளாக வருகிறவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்புக் கொடுத்துப் பதிந்துவரச் சொல்லுங்கள்.