முட்டுக்காடு பாலத்தில் மூணு லட்ச ரூபாய்!

ஞாயிறு காலை அஞ்சு மணி. ஹாஸ்டலில் பாதிப் பேர் அப்போதான் தூங்கப் போயிருப்பாங்க. ஆனா, ஈ.சி.ஆரில் அதுக்குள்ளே டிராஃபிக்! எல்லாமே சைக்கிள்கள். சிவப்பு லைட் மினுக்க, கும்பல் கும்பலா மாமல்லபுரம் பக்கம் பறக்கிறாங்க.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினா ஏறக்குறைய 90 கி.மீ. 2019-ல் கோவாவுக்கு வந்த 'அயர்ன்மேன் 70.3' ட்ரையத்லானிலும் சைக்கிள் தூரம் அதே 90. முன்னாடி 1.9 கி.மீ. கடல் நீச்சல், பின்னாடி 21.1 கி.மீ. ஓட்டம். நீச்சலும் ஓட்டமும் ஓசி. சைக்கிள்தான் வாங்கணும்!

கையில் 40,000 ரூபாய். கனவிலோ கார்பன் ட்ரையத்லான் பைக். வேலைக்குப் போயிட்ட சீனியர் அண்ணன் ஒருத்தர், "முதல்ல ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு"ன்னு தன்னோடதை நீட்டினார். விலை மூணு லட்சத்துக்கு மேலே. ஹேண்டில்பாரைத் தொட்டதுமே கை வியர்த்துடுச்சு.

உத்தண்டி வரைக்கும் சொர்க்கம். முழங்கைகளை முன்னால் நீளும் ஏரோ பாரில் ஊன்றி, ஏறக்குறைய படுத்துக்கிட்டே ஓட்டணும். வேகமாப் போறப்போ நம்மை இழுத்துப் பிடிக்கிறது பெரும்பாலும் காற்று. அதை அதிகமா வாங்குறது சைக்கிள் இல்லை, நம்ம உடம்பு. முன்னால் போறவர் முதுகுக்குப் பின்னால் ஒளியவும் முடியாது. இந்தப் போட்டியில் 12 மீட்டர் இடைவெளி விடணும். சீட்டும் முன்னால் தள்ளி இருக்கிறதால் இடுப்பு ரொம்ப மடங்காது. இறங்கி ஓடுற காலுக்கு அது உதவி.

முட்டுக்காடு பாலம் வந்தது. உப்பங்கழிப் பக்கமிருந்து காற்று ஒரு தள்ளு! உயரமான ரிம் போட்ட முன்சக்கரம் பாய்மரம் மாதிரி திரும்ப, பின்னால் பஸ் ஹாரன். கியர் விரல் நுனியில் இருக்கு, பிரேக்கோ வெளிப்பக்கக் கம்பியில்! கை அங்கே போய்ச் சேர்றதுக்குள் எங்க ஊர் குலசாமி வரைக்கும் கூப்பிட்டாச்சு.

கோவளம் டீக்கடையில் கழுத்து திரும்பலை. அண்ணன் கேட்டார்: "எவ்வளவு நேரம் படுத்து ஓட்டினே?" கூட்டிப் பார்த்தா பன்னிரண்டு நிமிஷம். கோவாவில் எனக்கு மூணு மணி நேரத்துக்கு மேலே ஆகும்!

அப்புறம் நான் தேடினது, பழைய அலுமினிய ரோடு பைக். பிரேக்கும் கியரும் ஒரே லீவரில். ஒருத்தர் 56 சைஸ் ஃபிரேமைக் காட்டி, "சீட்டை இறக்கிக்கலாம் தம்பி"ன்னார். சீட் இறங்கும் சார், ஹேண்டில்பார் கிட்டே வருமா? என் 168 செ.மீ. உயரத்துக்கு 52 கிடைக்க மூணு வாரம் ஆச்சு. 31,000 ரூபாய். மாட்டிக் கழற்றுற ஏரோ பார் 3,000. மிச்சத்தில் ஹெல்மெட், பம்ப், ரெண்டு ட்யூப்.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு விலையைச் சொன்னேன்.

"மோட்டார் எத்தனை சி.சி.?" என்றார்.