தோப்பை அடமானம் வைக்கும் முன்

ஞாயிறு

எதிர்வீட்டுப் பையன் ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "பெரியப்பா, குவைத்துல ஆயில் கம்பெனி வேலையாம். ஏஜெண்டு ரெண்டு லட்சம் கேக்குறாரு. கொய்யாத் தோப்பை அடமானம் வெச்சுரலாம்னு அப்பா சொல்றாரு" என்றான். என்ன வேலை என்று கேட்டேன், தெரியவில்லை. எந்தக் கம்பெனி என்றும் தெரியவில்லை. விசா வந்ததும் சொல்வார்களாம்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு எங்கள் ஆயக்குடியில் இலவசமாகவே வழிகாட்ட ஆளிருக்கிறது. எண்ணெய் வேலைக்குப் போகிறவனுக்கு ஏஜெண்டு சொன்னதுதான் வேதம். வளைகுடாவில் பைப் வெல்டராகவும் ஃபோர்மேனாகவும் இருந்து திரும்பியவன் நான். தெரிந்ததை இந்த வாரம் எழுதிவைக்கிறேன்.

திங்கள்

ஆயில் கம்பெனி வேலை என்று பொதுவாக ஒரு வேலை கிடையாது. கிணறு தோண்டும் ரிக் வேறு, ரிஃபைனரி வேறு, குழாய்ப்பாதை போடும் காண்டிராக்ட் வேறு. ரிக்கில் புதிதாகச் சேருகிறவன் ரவுஸ்டபவுட்: சாமான் ஏற்றி இறக்க வேண்டும், தளம் கழுவ வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அடுத்து ஃப்ளோர்மேன், டெரிக்மேன், அசிஸ்டெண்ட் டிரில்லர், டிரில்லர், டூல்புஷர். ஒவ்வொரு படிக்கும் வருஷக்கணக்கில் உழைப்பு. பன்னிரண்டு மணி நேர டூட்டி.

ரிஃபைனரியில் நம் பிள்ளைகளுக்கு அதிகம் வாய்ப்பது ஷட்டவுன் வேலை. பிளாண்டை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கும் அந்தக் காலத்தில் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், சாரம் கட்டுகிறவர் எல்லோரும் தேவை. முடிந்ததும் அடுத்த இடம் தேட வேண்டும்.

செவ்வாய்

நம் மாநிலத்திலேயே எண்ணெய் உண்டு. காவிரிப் படுகையில் நரிமணம், கமலாபுரம், குத்தாலம் பக்கம் ஓஎன்ஜிசி எடுக்கிறது. மணலியில் இருப்பது 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி இன்று சிபிசிஎல் ஆன ஆலை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை போட்டது. சோறு போடும் மண். அந்தச் சட்டம் வேண்டியதுதான். அங்கே வேலை பெருகும் என்று காத்திருக்காமல், இந்த நிறுவனங்கள் ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களை எடுக்கும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தர வேலை உறுதி இல்லை. ஆனால் உதவித்தொகையோடு கற்கலாம், அந்தச் சான்றிதழுக்கு எங்கேயும் மதிப்பு உண்டு.

புதன்

பைப் வெல்டரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது 6ஜி டெஸ்ட். 45 டிகிரி சாய்த்து இறுக்கிய பைப்பைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் படுத்து, பக்கத்தில் ஒடுங்கி, மேலே எக்கி, ஒரே சீராக ஓட்ட வேண்டும். முதல் அடுக்கான ரூட் ஆர்கானில், அதற்கு மேல் ராடில். ரூட் போடும்போது இரண்டு விளிம்பும் உருகித் திறக்கும் சின்னத் துளையை விடாமல் பார்த்துக்கொண்டே கம்பியை ஊட்ட வேண்டும். துளை பெரிதானால் உலோகம் உள்ளே வழியும். மூடிக்கொண்டால் ரூட் பிடிக்காது. எது நடந்தாலும் எக்ஸ்ரே ஃபிலிம் காட்டிவிடும். இந்தக் கை காசு கொடுத்தால் வராது, பழகத்தான் வேண்டும். திருச்சி பெல் வளாகத்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி தருகிறது.

வியாழன்

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு பற்றி ஒவ்வொரு பையனிடமும் சொல்ல வேண்டும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டதே என்று நிற்பவன் அப்படியே சாய்வான். விழுந்தவனைத் தூக்க முகமூடி இல்லாமல் இறங்குகிறவனும் பிழைப்பதில்லை. அதனால்தான் டேங்குக்குள் இறங்குமுன் காற்றை அளக்க வேண்டும், பெர்மிட் வாங்க வேண்டும், வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

வெள்ளி

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுதான் ஆள் எடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். பதிவு இருக்கிறதா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. முதலாளி பெயர், சம்பளம், வேலை நேரம், திரும்பி வர டிக்கெட் எல்லாம் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது. விசிட் விசாவில் வேலைக்கு ஏறவே கூடாது.

சனி

பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் படிச்சு முடிக்க ரெண்டு மூணு வருசம் போயிருமே, அண்ணே" என்றார் அவர். போகட்டும் என்றேன். தோப்பை அடகு வைத்துப் போகிறவன் சொன்ன சம்பளத்தைக் குறைத்தாலும் வாயைத் திறக்க மாட்டான். காற்றை அளக்காத டேங்குக்குள் இறங்கு என்றாலும் வட்டியை நினைத்து இறங்கிவிடுவான். கடன் இல்லாமல், கையில் தொழிலோடு போகிறவன் மாட்டேன் என்று சொல்லலாம். ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். எண்ணெய்த் தொழிலில் உயிரோடு இருந்து முன்னேற அந்த ஒரு தைரியம் கட்டாயம் வேண்டும். அதைச் சம்பாதித்துக்கொண்டு கிளம்பட்டும்.