பழைய மடிக்கணினிக்கு ஓர் எளிய மேலாளர்

பழுதுபட்ட பொருளை எறிவதற்கு முன், பழுது எங்கே என்று பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். கணினி விஷயத்தில் மட்டும் அவ்வழக்கத்தை நாம் கைவிட்டு விட்டோம்.

2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூரில் சாமை பயிரிடும் என் நண்பர் வீட்டிலும் அவ்வாறு வந்த கணினி ஒன்று உண்டு. அதில் படித்த மூத்தவன் வேலைக்குச் சென்றுவிட்டான். கல்லூரியில் பயிலும் இளையவளோ, "திறந்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது ஐயா" என்றாள். புதியது வாங்க வசதியில்லை. பருவ ஒப்படைப்புகளுக்கோ நாள் நெருங்கியிருந்தது.

நான் மதரஸாவில் பாடம் சொல்லும் கலைப் பட்டதாரி, பொறியாளன் அல்லன். ஆயினும் லினக்ஸின் நற்குணம் ஒன்றை அறிவேன். அதில் திரையை ஆளும் பகுதியை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளலாம். முழுமையான மேசைச்சூழல் பல துணை நிரல்களைப் பின்னணியில் இயக்கி நினைவகத்தை நிரப்பும். சாளர மேலாளரோ, சாளரங்களுக்குச் சட்டமிடுதல், நகர்த்துதல், மூடுதல் ஆகியவற்றோடு நின்றுகொள்ளும். 1997இல் மார்க்கோ மாச்செக் தொடங்கிய 'ஐஸ்டபிள்யூஎம்' அத்தகையது.

டெபியன் லினக்ஸையும் அதனையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, ஆலங்காயம் வழியே மலையேறினேன். இரண்டையும் நிறுவியபின், நுழைவுத் திரையில் அம்மேலாளரைத் தேர்ந்தெடுத்ததும் நொடிகளில் திரை விரிந்தது. அமைப்புகள் யாவும் வெறும் எழுத்துக் கோப்புகளே. 'மெனு' கோப்பில் வரிக்கொரு நிரலாக, அவளுக்கு வேண்டியவற்றை மட்டும் எழுதினோம். 'பிரிஃபரன்சஸ்' கோப்பில், வேண்டிய வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 இடவேண்டும். உள்நுழைந்தவுடன் இயங்க வேண்டியவை 'ஸ்டார்ட்அப்' கோப்பில் அமையும். அக்கோப்புக்கு இயங்கும் அனுமதி தருதல் அவசியம். மாற்றங்களைக் காணக் கணினியை அணைக்க வேண்டியதில்லை; மேலாளரை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணைய உலாவியின் பசியை எந்தச் சாளர மேலாளரும் குறைக்காது. மேலாளர் மிச்சப்படுத்திய நினைவகத்தில் ஓரிரு பக்கங்களை மட்டும் திறந்து வேலை பார்க்குமாறு அவளிடம் கூறினேன். அவ்வாறே அவள் தன் ஒப்படைப்புகளை உரிய நாளுக்குள் அனுப்பிவிட்டாள்.

வாசக நேயர்களே! உங்கள் வீட்டு அலமாரியிலும் அத்தகைய கணினி உறங்கிக்கொண்டிருக்கலாம். காயலான் கடைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். அதற்காகக் காத்திருக்கும் பிள்ளை அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும்.