ரெண்டு ரூபாய் ஸ்டார்

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் ஆபீஸில் எனக்குத் திடீர் மரியாதை வந்துவிடும். மற்ற பதினோரு மாசமும் ‘ஃபைல் எங்கேய்யா?’ என்று முறைக்கிற சூப்பரின்டெண்டென்ட்கூட, ‘சார்... ஸ்டாரை எந்தப் பக்கம் கட்டலாம்?’ என்று குழைவார். நான் ஸ்டூலில் ஏறி, ஒரு கண்ணை மூடி, ‘நாலு இன்ச் இடது பக்கம்’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்த வித்தையை நான் படித்தது காலேஜில் அல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தியிடம். வருஷம் 1995.

அப்போது எனக்கு வயசு இருபத்து மூணு. பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, ரிசல்ட்டுக்காக ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருந்த காலம். பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக டெம்பரவரி வாத்தியார் வேலை.

டிசம்பர் முதல் வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். “தம்பி, அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச மறுநாள் கிறிஸ்துமஸ் விழா. ஏழாம் வகுப்பு ரூமை ஜோடிக்கிறது உங்க பொறுப்பு.”

“சார், எங்க வீட்ல கார்த்திகைக்கு விளக்கு வச்சுத்தான் பழக்கம்...”

“ரெண்டும் வெளிச்சம்தானே! அதோட நீங்க கணக்கு வாத்தியார். அளந்து ஒட்டத் தெரியும்ல?”

கணக்கு வாத்தியார் உடனே கணக்குப் போட்டேன். மொத்தம் 42 பிள்ளைகள். தலைக்கு ரெண்டு ரூபாய். ஆக 84 ரூபாய். கலர் பேப்பர், பலூன், மைதா, பல்பு என்று கரும்பலகையில் பட்ஜெட்டே போட்டுவிட்டேன். “எல்லாரும் வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு ரூபாய் கொண்டாந்துரணும். கொண்டு வராதவங்க வெளியே நிக்கணும்” என்று மிரட்டல் வேறு. வாத்தியார் தோரணை வந்த புதுசு!

முதல் பிரச்னை, மரம். கிறிஸ்துமஸ் மரத்துக்கு நம் பக்கம் சவுக்குக் கிளைதான் கட்டுவார்கள். எங்கள் கரிசல் காட்டில் சவுக்குக்கு எங்கே போவது? பையன்கள் நாலு பேர் ஓடிப்போய் ஒரு உடைமரக் கிளையை வெட்டிக் கொண்டு வந்தார்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆசையாய் முதல் பலூனைக் கட்டினேன். ‘டப்!’ ரெண்டாவது பலூன். ‘டப்!’ முள்ளு மரத்தில் பலூன் கட்டின முதல் கணக்கு வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது குடில். இந்தக் குடில் வழக்கத்தை 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற ஊரில் அசிசி பிரான்சிஸ் தொடங்கி வைத்தார் என்பார்கள். நிஜ மாடும் நிஜக் கழுதையும் கொண்டு வந்து நிறுத்தினாராம். இதைச் சொன்னது தப்பாகிவிட்டது. “சார், எங்க வீட்ல செவலைக் கன்னு நிக்கி, பிடிச்சிட்டு வரட்டா?” என்று ஒருவன் கிளம்பிவிட்டான். அவனை உட்கார வைத்துவிட்டு, கரிசல் மண்ணைக் குழைத்து மலை செய்தோம். கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பெத்லகேம் முழுக்க வெடிப்பு!

“அங்கயும் மழை இல்ல போலருக்கு சார்” என்றான் கடைசி பெஞ்ச்.

சிரித்தாலும், அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர், இத்தாலிக்காரர், தேம்பாவணியில் சூசையப்பர் கதையைத் தமிழ்நாட்டு மண்வாசனையோடு பாடவில்லையா? நம் பெத்லகேம் கரிசல் காடாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இத்தனை கூத்திலும் மூணாவது பெஞ்ச் பெண் ஒருத்தி மூணு நாளாக வரவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, “என்ன, கிறிஸ்துமஸ் லீவை இப்பவே எடுத்துட்டாளா?” என்று ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்தாள்.

“அவ ரெண்டு ரூவாய்க்காகப் பெட்டி ஒட்டுறா, சார்.”

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் நானும் ‘ஆபீஸ் போறேன்’ என்றால் ஃபேன், ஃபைல், பதினோரு மணி டீ. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் அந்த நாளில் ‘ஆபீஸ்’ என்றால் தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன்னே கிராமத்துக்கு வண்டி வரும்; தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறும். 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. ஆகவே பெட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்தது. திண்ணைக்கு வந்தால் பிள்ளை கைக்கும் வந்தது.

சாயங்காலம் சைக்கிளை மிதித்துக் கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணை பூராவும் காய வைத்த பெட்டிகள். அம்மா, தம்பி, அவள். என்னைப் பார்த்ததும் அம்மா பதறி எழுந்தார்.

“ஏட்டி, சார் வந்திருக்காக, தண்ணி கொண்டா! சார், கோவிச்சுக்கிடாதீக. சனிக்கிழமைதான் கூலி போடுவாக. திங்கக்கிழமை ரூவாயோட வந்துருவா.”

‘காசு வேண்டாம்’ என்று சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. வெளியே நிற்க வைப்பேன் என்று சொன்ன வாய்தானே! அவள் பசை தொட்டு, நீலத்தாளை இழுத்து ஒட்டுகிற வேகத்தையே பார்த்துக் கொண்டு நின்றேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. கண் என்னைப் பார்த்தது.

கடைசியில், “ஸ்டார் ஒட்ட ஆள் இல்லம்மா. நீ வந்தாத்தான் ஆகும்” என்றேன்.

மறுநாள் வந்தாள். கையில் ஒரு கட்டு சோளத்தட்டை, ஒரு பை கழிவுக் குச்சி, மிச்சம் விழுந்த நீலத்தாள். நான் காய்ச்சி வைத்திருந்த கட்டி கட்டியான பசையைத் தொட்டுப் பார்த்தாள். “இது உப்புமா, சார்” என்று கொட்டிவிட்டு வேறு காய்ச்சினாள். தட்டையில் சட்டம், அதன் மேல் மருந்து முக்காத குச்சிகளை வரிசையாய் ஒட்டி ஒரு பின்னல், உள்ளே நீலத்தாள். நான் ஸ்கேலும் புரோட்ராக்டருமாக, “முனை 36 டிகிரி வரணும், அஞ்சு முனையும் கூட்டினா 180” என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் கண்ணாலேயே அளந்தாள். சரியாக வந்தது.

பின்னாளில் படித்தேன். ஜெர்மனியில் பிரபலமான மொரேவியன் ஸ்டார் 1830-களில் நீஸ்கி என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட ஜியோமிதி வகுப்பில்தான் பிறந்ததாம். எங்கள் ஸ்டாரும் அந்த வம்சம்தான்!

பாதி வேலையில் அவள் நிமிர்ந்து கேட்டாள். “ஆபீஸ்ல இதுக்கு எம்புட்டு கூலி போடுவாக, சார்?”

நான் முழிப்பதற்குள் அவளே சிரித்தாள். “இதுக்குக் கூலி கெடையாதுல்ல... சும்மா நமக்கு!”

அதற்கப்புறம் வேண்டுமென்றே மெதுவாக ஒட்டினாள். ஒரு குச்சி வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள். பெட்டிக்கு அப்படிப் பார்க்க நேரம் ஏது?

விழா அன்று உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பைப் போட்டோம். குச்சிப் பின்னல் நிழல் சுவரெல்லாம் விழுந்தது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு, “அளந்து ஒட்டியிருக்கீங்க தம்பி” என்றார். “நான் இல்ல சார்” என்று அவளை முன்னால் நிறுத்தினேன்.

இதில் ஒன்று சொல்லாமல் விட்டேன். அந்தத் திங்கட்கிழமை, சொன்னபடியே பாவாடை முடிச்சை அவிழ்த்து ரெண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை நீட்டினாள். வாங்காவிட்டால் இரக்கப்பட்டதாகிவிடும். வாங்கினால்... மூணு நாள் பள்ளிக்கூடம் போன காசு அது. வாங்கிக் கொண்டேன். எல்லார் காசோடும் சேர்த்துக் கடலைமிட்டாய் வாங்கி வகுப்புக்கே கொடுத்தேன். செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

மறு வருஷம், 1996 டிசம்பர் 10-ந் தேதி, தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் எனக்கு வேலை கிடைத்து ஊரை விட்டு வந்தாயிற்று. பேப்பரில் அதைப் படித்தபோது ஓடுகிற அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. அவள் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள்.

எங்கள் ஆபீஸிலும் கிறிஸ்துமஸ், ஆயுத பூஜை, பிரிவு உபசாரம் என்று கலெக்ஷன் நோட்டு சுற்றும். ‘தலைக்கு இவ்வளவு’ என்று யாராவது ஆரம்பித்தால், நான் மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொண்டு வந்து வைத்துவிடுவேன். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். முடியாதவர் சும்மா கையை விட்டு எடுக்கட்டும். பெயரும் கிடையாது, தொகையும் கிடையாது.

“கணக்கு வாத்தியாரா இருந்தவரு, கணக்கே வேண்டாங்கிறாரே!” என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஸ்டார் கட்ட என்னிடம்தானே வந்தாக வேண்டும்!